பழைய சான்ட்ரோ கதவில் 6.5 இன்ச் ஸ்பீக்கர்: தொப்பி கேட்கிறதா?

கேட்கிறது. தொப்பி என்பது மிருதங்கத்தில் இடது கை வாசிக்கும் தாழ்ந்த நாதப் பக்கம்; அது நன்றாகவே கேட்கிறது. ஆனால் அந்தப் புகழை முழுக்க ஸ்பீக்கருக்கே கொடுத்துவிட மாட்டேன். கதவுக்குள் நடந்த வேலைக்குத்தான் பெரிய பங்கு. கடைக்குப் போனால் பேச்செல்லாம் இன்ச், வாட், பிராண்ட் என்றே போகிறது. கதவைப் பற்றி வாய் திறக்கிறவர் அபூர்வம். அப்படிப்பட்ட ஒருவரிடம் என் காரைக் கொடுத்தேன். அந்த வேலையையும் அங்கே மாட்டிய ஸ்பீக்கரையும் பற்றித்தான் இது.

மிருதங்கம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வீடு நங்கநல்லூரில். வகுப்புகள் மயிலாப்பூரிலும் மேற்கு மாம்பலத்திலும் குரோம்பேட்டையிலும். நடுவில் காரில்தான் பாதி நாள் போகிறது. வண்டி 2009 மாடல் சான்ட்ரோ ஜிங். இருங்காட்டுக்கோட்டையில் இறங்கிய காலத்திலிருந்து என்னோடுதான் இருக்கிறது. விற்கும் எண்ணம் இல்லை. பழைய கச்சேரிப் பதிவுகளைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். சில நாள் மூத்த மாணவன் யாராவது கூட வருவான். மிருதங்கம் தனியாக வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஓடும்போது முடிப்புக் கோர்வையை எங்கே எடுத்தார், எங்கே முடித்தார் என்று பேசிக்கொண்டு வருவோம்.

வாங்கிய நாளில் டீலரே முன் கதவுகளில் 5.25 இன்ச் ஸ்பீக்கர் மாட்டிக் கொடுத்திருந்தார். வலது கை வாசிக்கும் வலந்தலை கேட்கும், அதில் விழும் சாப்பு அடி கணீரென்று கேட்கும், வயலின் கேட்கும், பாட்டு கேட்கும். தொப்பி மட்டும் கேட்காது. கேட்காது என்றால் சத்தம் இருக்கும், நாதம் இருக்காது. இடது கையின் அடிப்பகுதியைத் தொப்பியில் அழுத்தி இழுத்து கும்கி கொடுக்கும்போது ஒரு வளைவு வரும், இல்லையா? அந்த வளைவின் கீழ்ப்பாதி காணாமல் போய்விடும். மாணவனிடம் "இதைக் கேள், எப்படி இறக்குகிறார் பார்" என்று சொல்லிவிட்டுப் பார்த்தால் அங்கே இறங்க எதுவுமே இருக்காது.

கணக்கு எளிதுதான். 1 கட்டை சுருதி மிருதங்கம் என்றால் வலந்தலையின் ஆதார நாதம் 131 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். தொப்பிக்கு ரவை ஒட்டி ஏறக்குறைய ஒரு ஸ்தாயி (அதிர்வெண்ணில் பாதி) கீழே கொண்டுவருகிறோம். அப்படியானால் 65 ஹெர்ட்ஸ் பக்கம். கார் கதவில் இருக்கும் சின்ன ஸ்பீக்கருக்கு அந்த இடம் எட்டாது. 5 கட்டையில் பாடும் பெண் குரல்களுக்கு வாசிக்கும் ஹெச்சு (சுருதி உயர்ந்த) மிருதங்கம் என்றால் தொப்பி கிட்டத்தட்ட 100 ஹெர்ட்ஸ். அது ஓரளவு பிழைத்துக்கொள்ளும். ஆண் குரல் கச்சேரிகளில்தான் இழப்பு அதிகம்.

டிக்கியில் கீழ் ஒலிக்கென்றே ஒரு சப்வூஃபர் பெட்டி வைத்தால் போயிற்று என்று பலரும் சொன்னார்கள். என் டிக்கியில் இரண்டு மிருதங்கம், சுருதிப் பெட்டி, ஜமக்காளம். வேறெதற்கும் இடமில்லை. பின்னால் பார்சல் ட்ரேயை வெட்டி 6x9 ஓவல் போடச் சொன்ன கடையும் உண்டு. மிருதங்கம் எடுக்க அந்த ட்ரேயை நான் தினம் தூக்க வேண்டும். அதைவிட, கச்சேரி முதுகுக்குப் பின்னால் நடப்பதில் எனக்கு விருப்பமில்லை. மேடை முன்னால் இருக்க வேண்டும். ஆக, கதவுதான் வழி.

முதலில் விசாரித்த இடத்தில், பெயர் வேண்டாம், "6.5 இன்ச் போட்டுடலாம் சார், அரை மணி நேர வேலை" என்றார்கள். அதே மாதிரி அரை மணி நேரத்தில் மாட்டிய வண்டி ஒன்று என் தெருவிலேயே இருக்கிறது. நல்ல ஸ்பீக்கர்தான். ஆனால் உட்கார்ந்து கேட்டால் ஒலி மெலிந்து, கொஞ்சம் உயர்த்தினால் கதவே கடகடவென்று ஆடியது. அதனால் அவசரப்படவில்லை.

சென்னையின் ஜி.பி. ரோடு தெரிந்தவர்களுக்குத் தெரியும். அண்ணா சாலையிலிருந்து திரும்பினால் இரண்டு பக்கமும் சீட் கவர், ஸ்டீரியோ, சன் ஃபிலிம், ஹாரன். பழைய பாகம் வேண்டுமென்றால் பக்கத்தில் புதுப்பேட்டை, வயரும் கனெக்டரும் வேண்டுமென்றால் ரிச்சி தெரு. என்னை ஒரு நண்பர் அனுப்பியது அந்த ஆரவாரத்துக்குள் சற்று ஒதுங்கியிருந்த ஒரு சின்னக் கடைக்கு. பலகைகூடப் பெரிதாக இல்லை. கடைக்காரரை எல்லோரும் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். கூட வேலை செய்கிற பையன் ஒருவன்.

பாய் ஸ்பீக்கர் எதையும் எடுத்துக் காட்டவில்லை. வெளியே வந்து கதவைச் சாத்தச் சொன்னார். விரல் முட்டியால் கதவின் வெளித்தகட்டை மேலே, நடுவில், கீழே என்று தட்டினார். நடுவில் டப்பா மாதிரி ஒலித்தது. எங்கள் தொழிலிலும் கட்டையை வாங்கும்முன் தட்டித்தான் பார்ப்போம் என்பதால் எனக்கு உடனே அவர் மேல் ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

"சார், ஸ்பீக்கர் பெருசாப் போடலாம். ஆனா உள்ள ஓட்டைய அடைக்கலைன்னா நீங்க கொடுக்கிற காசுல பாதி கதவுக்குள்ளயே நின்னுடும்" என்றார்.

அவர் சொன்னதன் பொருள் இதுதான். ஸ்பீக்கரின் கோன் முன்னால் காற்றைத் தள்ளும் அதே நேரத்தில் பின்னால் காற்றை இழுக்கிறது. முன் ஒலியும் பின் ஒலியும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டும் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மேல் ஸ்தாயி ஒலிக்கு இது அவ்வளவு பாதிப்பில்லை. 65 ஹெர்ட்ஸ் ஒலிக்கு அலைநீளம் 5 மீட்டருக்கும் மேல். கைப்பிடி அகல ஓட்டை கிடைத்தாலும் சுற்றி வந்து முன்னால் இருப்பதைத் தின்றுவிடும். கார் கதவின் உள்தகட்டில் கை நுழைகிற அளவுக்கு ஓட்டைகள் இருக்கின்றன. கண்ணாடி ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரைப் பழுது பார்க்க வைத்த ஓட்டைகள். அவற்றை மூடியிருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் ஷீட். அது மழைநீருக்குப் போதும், ஒலிக்குப் போதாது.

மிருதங்கத்தில் இதை நாங்கள் கையிலேயே உணர்வோம். பலாக் கட்டையில் நூல் அளவு விரிசல் விட்டால் போதும், தோல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தொப்பி மொத்தென்று ஆகிவிடும். இரண்டு தோலுக்கும் நடுவில் அடைபட்ட காற்றுதான் நாதத்தைத் தாங்குகிறது. கதவுதான் இங்கே கட்டை. தோலை மட்டும் பெரிதாக மாற்றினால் என்ன கிடைக்கும்?

அளவு பெரிதாவதால் பயன் இல்லை என்று சொல்லவரவில்லை. 5.25-லிருந்து 6.5-க்குப் போனால் கோனின் பரப்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆகிறது. அதே காற்றைத் தள்ள கோன் அவ்வளவு தூரம் ஓட வேண்டாம். கீழ் ஒலியில் திணறல் குறைகிறது. அது உண்மையான லாபம். கதவு ஒத்துழைத்தால்தான் அது காதுக்கு வந்து சேரும்.

ஸ்பீக்கர் தேர்வில் நான் அதிகம் யோசிக்கவில்லை. பயோனியர் டிஎஸ்-ஏ1600சி. காம்பொனன்ட் வகை; அதாவது கீழ் ஒலிக்கு வூஃபர் தனி, மேல் ஒலிக்கு ட்வீட்டர் தனி, நடுவில் ஒலியை இரண்டுக்கும் பிரித்துக் கொடுக்கும் கிராஸ்ஓவர். ட்வீட்டர் வூஃபரின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கும் கோஆக்சியல் வகை விலை குறைவு, மாட்டுவதும் சுலபம். ஆனால் கதவின் அடியில் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ட்வீட்டரிலிருந்து வயலின் எப்படி வரும்? ட்வீட்டர் மேலே வரவேண்டும் என்பதில் எனக்குப் பிடிவாதம் இருந்தது. அட்டையில் 350 வாட் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அது ஒரு கணம் தாங்கும் உச்சம். தொடர்ந்து தாங்குவதற்கான நாமினல் எண் 80. வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது எண்ணை. என் ஸ்டீரியோவும் அப்படித்தான். முகப்பில் 50 வாட் நான்கு என்று போட்டிருந்தாலும் தொடர்ந்து தருவது ஒரு சேனலுக்கு 20 வாட்டுக்குக் கொஞ்சம் மேலே. ஊருக்குள் ஓட்டுகிற எனக்கு அது போதும். ஒலியைப் பெருக்கும் தனி ஆம்ப் முதலில் வேண்டாம், கதவு முதலில் என்று பாயும் சொன்னார். ஆம்ப் விற்றால் அவருக்கு லாபம். அப்படியும் வேண்டாம் என்றார்.

வேலை நடந்தபோது நான் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் ஆட்சேபிக்கவில்லை. பார்க்க விடாத கடையில் கதவைக் கொடுக்காதீர்கள்.

என் வண்டியில் கண்ணாடி கையால் சுற்றுவதுதான். சுற்றுகிற கைப்பிடிக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு கம்பி கிளிப் இருக்கிறது. பலர் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பி, கதவின் உள்பக்க உறையான டோர் பேடைக் கீறிவிடுவார்கள். பையன் ஒரு துணிக் கீற்றை எடுத்தான். கைப்பிடிக்கும் பேடுக்கும் நடுவில் அதைச் செருகி, இரண்டு முனையையும் பிடித்து, ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் இழுப்பதைப்போல இடமும் வலமும் இழுத்தான். துணி கிளிப்பின் முனையில் மாட்டியதும் டக்கென்று வெளியே வந்தது. பறந்துபோகாமல் இருக்க பாய் உள்ளங்கையைக் குவித்து மேலே பிடித்திருந்தார். ஒரு கீறல் இல்லை.

அப்புறம் ஸ்க்ரூக்கள், அப்புறம் பேடைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள். பழைய வண்டியில் இந்தக் கிளிப் நாலைந்து உடையத்தான் செய்யும். உடைந்ததை அப்படியே விட்டு மாட்டினால் அந்த இடத்தில் பேடு அதிரும். பாய் முன்கூட்டியே ஒரு பாக்கெட் புதுக் கிளிப் எடுத்து வைத்திருந்தார். பில்லில் அது சில்லறைக் காசு. இந்தச் சில்லறையை மிச்சம் பிடிக்கும் கடைகளால்தான் பாதி வண்டிகள் கடகடக்கின்றன.

பேடை எடுத்ததும் கதவின் உள்ளே தெரிந்தது: தூசி, பழைய கறுப்புப் பசை, அடியில் காய்ந்த சேறு. தின்னரில் நனைத்த துணியால் அந்தத் தகட்டைத் துடைக்கவே நெடுநேரம் ஆனது. எண்ணெய்ப் பசை இருந்தால் அதிர்வை அடக்கும் டாம்பிங் ஷீட் ஒட்டாது. சித்திரை வெயிலில் உரிந்து கண்ணாடி இறங்கும் வழியில் தொங்கும். சுத்தம் செய்த பிறகு வெளித்தகட்டின் உள்பக்கத்தில், ஸ்பீக்கருக்கு நேர் எதிரே, ப்யூட்டைல் ஷீட்டை ஒட்டி ஒரு சின்ன ரோலரால் அழுத்தினார்கள். மேலே அலுமினியத் தாள், கீழே தார் மாதிரியான ப்யூட்டைல். ரோலர் போகப்போக அலுமினியத்தில் இருக்கும் புள்ளி வேலைப்பாடு அமுங்கித் தட்டையாகிறது. தட்டையானால் முழுசாக ஒட்டிவிட்டது என்று அர்த்தம். முழுத் தகட்டையும் மூட வேண்டியதில்லையாம். கதவின் எடையும் கூடக்கூடாது. பழைய கீல் பாவம்.

வண்டியின் கதவுக்குள் தண்ணீர் போகவே போகாது என்று நினைக்கிறவர்கள் உண்டு. போகும். கண்ணாடிக்கும் ரப்பருக்கும் நடுவில் மழைநீர் உள்ளே இறங்குவது இயல்பு. கதவின் அடியில் இருக்கும் வடிகால் துளைகள் வழியே வெளியேறும். ஷீட் ஒட்டும்போது அந்தத் துளையை அடைத்துவிட்டால் அடியில் தண்ணீர் தேங்கும், துருப்பிடிக்கும், ஓட்டும்போது களக் களக் என்று சத்தம் கேட்கும். ஷீட் ஒட்டி முடித்ததும் பாய் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கண்ணாடியின் வெளிப்பக்கம் மேலிருந்து ஊற்றினார். பையன் தரையில் குனிந்து உட்கார்ந்து பார்த்தான். கதவின் அடியில் இரண்டு இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாகவும் பிறகு கோடாகவும் தண்ணீர் வந்தது. "வருது பாய்" என்றான். அதற்குப் பிறகுதான் அடுத்த வேலை. எனக்கு அன்று மிகவும் பிடித்தது இந்தச் சோதனைதான். இதை எந்த விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை.

உள்தகட்டின் பெரிய ஓட்டைகளை வெறும் ஷீட்டால் மூடவில்லை. மெல்லிய அலுமினியத் தகட்டை அளவாக வெட்டி, ஸ்க்ரூ போட்டு மூடி, அதன் மேல் ஷீட். நாளைக்குக் கண்ணாடி ரெகுலேட்டர் போனால் மெக்கானிக் ஸ்க்ரூவைக் கழற்றித் தகட்டை எடுத்துவிடலாம். முழுக்க ஷீட்டாலேயே மூடிவிட்டால் அந்தப் பசையைச் சுரண்டும் மெக்கானிக் நம்மைத் திட்டுவார், திட்டினாலும் நியாயம்தான்.

இப்போது ஸ்பீக்கர். 6.5 இன்ச் வூஃபரை நேரே தகட்டில் வைத்தால் பின்னால் இருக்கும் மேக்னெட், கண்ணாடி முழுக்க இறங்கும்போது அதில் இடிக்கும். அதனால் நடுவில் ஒரு ரிங் வேண்டும். மலிவாகக் கிடைப்பது மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் ரிங். ஐப்பசி மழை பார்த்த எம்டிஎஃப் ஊறி உப்பிவிடும், ஸ்க்ரூ பிடிப்பு விட்டுப்போகும். பாய் தந்தது கெட்டியான பிளாஸ்டிக் ரிங். அதை வைத்து, ஸ்பீக்கரைக் கையால் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைக் கடைசிவரை இறக்கிப் பார்த்தார்கள். மேக்னெட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைந்தது. கண்ணாடியை ஏற்றி வைத்துக்கொண்டு அளக்கிறவரிடம் உஷாராக இருங்கள், இடிப்பது இறக்கும்போதுதான்.

பழைய ஓட்டை கொஞ்சம் சிறிது. ஓரத்தைத் தகடு வெட்டும் கத்தரியால் வெட்டி, அரத்தால் பிசிறு எடுத்து, வெட்டிய இடம் முழுக்க ரெட் ஆக்சைடு பூசினார்கள். காயும்வரை அடுத்த கதவு. தகட்டை வெட்டி அப்படியே விட்டால் இந்தக் கடல் காற்றில் அந்த ஓரத்திலிருந்து துரு ஏற ஆரம்பிக்கும். வெட்டிய இடத்தில் பெயிண்ட் அடிப்பீர்களா என்று கேட்டு, இல்லை என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

வயரை, கதவுக்கும் பாடிக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாய் வழியாகவே இழுத்தார்கள். பழைய மெல்லிய வயரை முறுக்கி டேப் சுற்றும் வேலை இல்லை. சால்டர் வைத்து, மேலே சுருங்கும் குழாய் மாட்டி, லைட்டர் காட்டி இறுக்கினான் பையன். கிராஸ்ஓவரை மழைநீர் வராத பக்கம், டோர் பேடுக்குப் பின்னால் நுரைப் பட்டை சுற்றிக் கட்டினார்கள். பிளஸ், மைனஸ் சரியா என்று பார்க்க ஒரு பென்சில் பேட்டரி. பேட்டரியின் பிளஸை ஸ்பீக்கரின் பிளஸில் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும். இரண்டு வூஃபரிலும் தொட்டுப் பார்த்தார்கள்; இரண்டும் வெளியே வந்தன. ஒரு பக்கம் மாறிப்போனால் இடது கதவும் வலது கதவும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும். சத்தம் குறையாது, தொப்பி மட்டும் காணாமல் போகும். காரணம் தெரியாமல் ஆம்ப் வாங்கிப் போடுகிறவர்கள் எத்தனை பேரோ.

கடைசியாக இரண்டு சின்ன வேலை. டோர் பேடின் துளை வரிசை 5 இன்ச் ஸ்பீக்கருக்கானது, 6.5 கோனின் ஓரம் பிளாஸ்டிக்குக்குப் பின்னால் மறைகிறது. முகப்பு கெடாமல், பேடின் பின்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் வரம்புகளை மட்டும் வெட்டி, ஸ்பீக்கரைச் சுற்றி நுரை வளையம் ஒட்டினார்கள். பேடை மாட்டும்போது நுரை அமுங்கி, ஒலி பேடுக்குள் கசியாமல் துளை வழியாகவே வெளியே வருகிறது. அப்புறம் கதவுப் பூட்டுக்குப் போகும் கம்பி. அது தகட்டில் தட்டும் இடங்களில் துணி டேப் சுற்றினார்கள்.

காலையில் விட்ட வண்டியை விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எடுத்தேன். ஸ்பீக்கர் விலை தனி. ஷீட், ரிங், வயர், கிளிப், கூலி எல்லாம் சேர்ந்து 6,500 ரூபாய். ஸ்பீக்கர் மாட்ட இவ்வளவா என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: ஒரு படி குறைந்த விலை ஸ்பீக்கரை வாங்கி, மிச்சப்பட்ட பணத்தைக் கதவில் போடுங்கள். தலைகீழாகச் செய்தால் இரண்டும் வீண்.

இனி ஒலி. முதலில் கதவைச் சாத்தினேன். சாத்தும் சத்தமே மாறிவிட்டது; டப்பா ஒலி போய் அடக்கமாக விழுந்தது. பிறகு ஆண் குரல் கச்சேரி ஒன்றின் தனி ஆவர்த்தனம். தொப்பியில் வெறும் 'தொம்' விழுந்ததும் பக்கத்து இருக்கையில் யாரோ வாசிப்பதுபோல இருந்தது. ஆனால் கும்கி வளைந்து இறங்கும்போது அடியில் இன்னும் கொஞ்சம் மெலிந்தது. ஸ்டீரியோவில் ஹைபாஸ் ஃபில்டர் 80 ஹெர்ட்ஸில் இருந்தது. அதாவது 80-க்குக் கீழே இருப்பதைச் சரிவாகக் குறைத்துவிடும். அதை 63-க்கு இறக்கினேன். வளைவு முழுசாக வந்தது. மூன்று மூன்றாகப் போகும் திஸ்ர நடையில் கும்கி அடுத்தடுத்து விழும் இடத்தில் ஒவ்வொன்றும் தனித்தனியாக, ஒன்றின் வால் அடுத்ததில் ஏறாமல் கேட்டது. பழைய ஸ்பீக்கரில் இவை எல்லாம் ஒரே மொத்தலாக இருக்கும். ஃபில்டரை முழுக்க எடுத்துவிடலாமா என்றால், வேண்டாம். கீழே இருக்கும் வீண் அசைவைக் கோனுக்குக் கொடுத்தால் அது திணறி, நல்ல ஒலியையும் கெடுக்கும். தவில் பதிவு உரக்கக் கேட்கும்போது மட்டும் நான் 80-க்கே ஏற்றிவிடுகிறேன். தவிலுக்குக் கை ஓங்குகிற வேகத்தில் 20 வாட் ஸ்டீரியோ மூச்சு வாங்குகிறது. அந்த இடத்தில் ஆம்பின் தேவை தெரிகிறது.

ட்வீட்டரைப் பக்கக் கண்ணாடியின் முக்கோணப் பிளாஸ்டிக்கில் வைத்தார்கள். முதலில் வலது ட்வீட்டர் நேரே என் முகத்தைப் பார்த்தது. வயலின் மேல் ஸ்தாயி காதைக் குத்தியது. பையன் அதை எதிர்ப்பக்கக் கதவை நோக்கித் திருப்பியதும் சரியானது. ஓட்டுகிறவர் வலது ஓரத்தில் உட்காருவதால் வலது பக்கம் எப்போதும் முந்திக்கொள்ளும். பக்கத்து ஸ்பீக்கரின் ஒலியைச் சற்றுத் தாமதிக்கும் டைம் அலைன்மென்ட் உள்ள ஸ்டீரியோ என்றால் அதில் சரி செய்யலாம். இல்லாவிட்டால் பேலன்ஸை ஒரு புள்ளி இடது பக்கம் தள்ளுங்கள். பாடகர் டேஷ்போர்டின் நடுவுக்கு வந்துவிடுவார்.

குறை என்று சொன்னால் இவை. அந்தத் தெருவில் வண்டி நிறுத்துவது பெரும்பாடு. வேலை முழுக்கச் சாலையோரத்தில்தான் நடக்கிறது, தூறல் போட்டால் நின்றுவிடும். இடது கதவில் ஒரு குறிப்பிட்ட சுருதியில் மட்டும் மெல்லிய அதிர்வு இருந்தது. மறுபடி போனபோது பேடின் கீழ் மூலையில் இன்னொரு நுரைத் துண்டு வைத்துச் சரி செய்தார்கள், காசு வாங்கவில்லை. பில் துண்டுச் சீட்டில் இருந்தது. வேலைக்கு வாரன்டி என்று எழுத்தில் எதுவும் இல்லை, வாய் வார்த்தைதான். முறையான ரசீது வேண்டுமென்றால் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

மழைக்காலம் ஒன்று போய்விட்டது. அதன் பிறகு பேடைக் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். ரிங் உப்பவில்லை, வெட்டிய ஓரத்தில் துரு இல்லை, ஷீட் எங்கும் உரியவில்லை, மேக்னெட்டின் மேல் மட்டும் லேசாகத் தூசி. கண்ணாடி பழைய மாதிரியே சுற்ற லேசாக இருக்கிறது.

புது வண்டி வைத்திருப்பவர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். தகட்டை வெட்டினாலும் வயரை வெட்டினாலும் வாரன்டியில் பிரச்சினை வரும். உங்கள் வண்டிக்கென்றே, வயரை வெட்டாமல் இணைக்கும் கப்ளரும் ரிங்கும் கிடைக்கும். வெட்டாமல் மாட்டச் சொல்லுங்கள். சில புதிய கார்களில் பக்கவாட்டு ஏர்பேகுக்கான காற்றழுத்த சென்சார் கதவுக்குள்ளேயே இருக்கும். ஓட்டைகளை அடைத்தால் அதன் வேலை பாதிக்கக்கூடும். உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்காமல் ஷீட்டில் கை வைக்காதீர்கள். முன் தூணில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் ட்வீட்டரை அந்தத் தூணில் ஓட்டை போட்டு வைக்கவே கூடாது.

பின்னால் நான் எதுவும் போடவில்லை. பாயும் கேட்டார், மாணவர்களும் கேட்கிறார்கள். முன்னால் பாட்டு, பக்கத்தில் மிருதங்கம் என்று மேடை சரியாக அமைந்திருக்கும்போது பின்னாலிருந்தும் அதே கச்சேரி ஒலித்தால் மேடை கலைந்துபோகும். அந்தக் காசைச் சேர்த்து வைத்து, முடிந்தால் சேனலுக்கு 50 வாட் தருகிற சின்ன ஆம்ப் ஒன்றை முன் சீட்டுக்கு அடியில் வைக்கலாம் என்றிருக்கிறேன். அதையும் அதே கடையில்தான் மாட்டுவேன்.